இரத்த அழுத்த மாத்திரையோடு அதிமதுரக் கஷாயம் கொடுக்கலாமா?

கேள்வி:
முதியவரான என் தாயாருக்குச் சில வாரங்களாக வறட்டு இருமல் இருக்கிறது. ஆடாதோடை இலை, அதிமதுரம், திப்பிலி மூன்றையும் தட்டிப் போட்டு, நான்கு தம்ளர் நீரை ஒரு தம்ளராக வற்றவைத்து அன்றாடம் கொடுக்கிறோம். ஓரளவு தணிந்தாலும் இருமல் முழுவதும் விடவில்லை. அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்பவர் என்பதால், இதைத் தொடரலாமா என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அதிமதுரத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள கிளைசிரைசின் என்னும் பொருள் உடலில் உப்பையும் நீரையும் தேங்கச் செய்து பொட்டாசியத்தைக் குறைப்பதால், நாள்தோறும் உட்கொள்பவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறக்கூடும். சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்யும் மாத்திரையும் உடன் இருந்தால் பொட்டாசியம் மேலும் இறங்கும். தொண்டைக்கு இதமான இனிப்புக் குச்சிதானே என்று நாம்தான் அலட்சியமாக இருந்துவிடுகிறோம்.

மறுமொழி 2:
ஆடாதோடையை எளிதாக எண்ண வேண்டாம். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்தே இந்த இலையிலுள்ள வாசிசினை அடியொற்றி உருவானதுதான். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களுக்கு இந்தக் கஷாயத்தைக் கொடுக்கக் கூடாது.

மறுமொழி 3:
மாத்திரையின் பெயர் என்ன? எனலாப்ரில், ராமிப்ரில் வகையாக இருந்தால், வறட்டு இருமலே அதன் பக்கவிளைவாக இருக்கலாம். அவ்வாறெனில் எந்தக் கஷாயமும் அதை முழுமையாகத் தீர்க்காது. ஆயினும் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
அட்டையில் ராமிப்ரில் என்றே இருக்கிறது. அதிமதுரத்தை நிறுத்திவிட்டோம், நாளை மருத்துவரைப் பார்க்கிறோம்.