பழைய சமாதி, கல்லறைக் கல்லு தேடிப் போன அனுபவம் - வேலூர், வட ஆற்காடு ஆளுங்க எழுதுங்க

கழனிமேட்டான்

ரெண்டு வருஷமா மனசுல கெடந்து உறுத்துது, அதான் எழுதறேன். எங்க ஊரு குடியாத்தத்துக்கு மேக்கால. எங்க ஜனத்துல எரிக்கிறது கெடையாது, பொதைக்கிறதுதான், அதுவும் சொந்தக் கழனி ஓரத்துலயே. பம்பு செட்டுக்குப் பின்னாடி எங்க தாத்தா, அவரோட அப்பா (1958-ல போனவரு), இன்னும் ரெண்டு மூணு மேடு. கொள்ளுத்தாத்தாவுக்கு மட்டும்தான் கல்லு. பாகம் பிரிக்க சர்வேயர் வராருன்னு முள்ளு வெட்டினோம், அப்ப அந்தக் கல்லண்டயே இன்னொரு சின்னக் கல்லு தெரிஞ்சுது, முழங்கால் ஒசரம் கூட இல்ல, பாதி மண்ணுக்குள்ள.

துணிய நனைச்சு தொடச்சேன். "தாது வருஷம் ஆடி ய உ". அதுக்கு மேல ஒரு பேரு, பொரிஞ்சு போச்சு, படிக்க முடியல. ஆனா "இன்னார் பாரியாள்"னு புருஷன் பேரு மட்டும் நேத்து வெட்டினாப்புல இருக்கு. எங்க கொள்ளுத்தாத்தா பேரு.

தாது வருஷம்னா 1876, இல்லாட்டி 1936. அறுவது வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வர கணக்கு. 1876-ன்னா பிரச்சன இல்ல, எங்க வூட்ல பாட்டன் பேரத்தான் பேரனுக்கு வைப்பாங்க, அப்ப இது கொள்ளுத்தாத்தாவோட தாத்தா சம்சாரமா இருக்கும். 1936-ன்னா? அப்ப எங்க தாத்தாவுக்கு நாலு வயசு. ஹால்ல மால போட்டு மாட்டி வச்சிருக்கோமே ஒரு அம்மா போட்டோ, கொள்ளுத்தாத்தா பொண்டாட்டின்னு, அவங்க 1970 வரைக்கும் இருந்தாங்க. அப்ப எங்க தாத்தாவப் பெத்தது யாரு?

போன்ல போட்டோ புடிச்சு எங்க ஆயாகிட்ட, அதான் தாத்தா சம்சாரம், காட்டினேன். 85 ஆவப்போவுது, கண்ணு நல்லாத்தான் தெரியும். மாமியாகிட்ட குப்ப கொட்டினவங்க, தெரியாம இருக்காது. கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் போன கவுத்து பாய் மேல வச்சிட்டு "சாப்ட்டியா நைனா?"ன்னாங்க. அவ்ளோதான். அந்தப் போன கவுத்து வச்ச கையி இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

தோல்மண்டி பேரன்

கழனிமேட்டான் அண்ணே, ஒங்களுக்கு வருஷம் அறுவது தள்ளிப் போவுது, எங்களுக்கு அறுநூறு.

நாங்க ஆம்பூர் பக்கம். எங்க பெரியவங்க பல பேருக்கு கல்லே இருக்காது, கபுரு மேல கட்டக் கூடாதுன்னு, வெறும் மண்ணு மேடுதான். ஒரே ஒருத்தருக்கு மட்டும் தலமாட்டுல எழுத்து வெட்டின கல்லு. எங்களுக்கு பார்சி (பாரசீகம்) ஒரு எழுத்து தெரியாது, நம்பர் மட்டும் எங்க மாமா கத்துக்கினு 1294-ன்னு படிச்சிட்டாரு. அதுலருந்து கல்யாணத்துக்கு கல்யாணம் சம்பந்தி வூட்டுக்காரங்ககிட்ட "நாங்க எழுநூறு வருஷமா இந்த ஊரு"ன்னு ஒரே பெரும.

ஒரு நாளு மய்யத்துக்கு வந்திருந்த வெளியூர் ஹஜ்ரத்து ஒருத்தர இட்டுக்கினு போய் காட்டினோம். அவரு தோள்ல இருந்த துண்டாலயே கல்ல தொடச்சு, வெரல வச்சு வச்சு படிச்சாரு, நம்பர் வந்ததும் வெரலு நின்னுது, "இது ஹிஜ்ரிங்க, முஸ்லிம் வருஷக் கணக்கு. இங்கிலீஷ்ல 1877 வரும்"னாரு. மாமா மொகத்த பாக்கணுமே. எழுநூறு நூத்தம்பதா போச்சு.

எனக்கு உறுத்தறது அது இல்ல. 1877-ன்னா தாது பஞ்சத்து நேரம், தாது வருஷத்துல ஆரம்பிச்ச பெரும் பஞ்சம். மத்தவனுக்கு கஞ்சி இல்ல, எங்காளுக்கு மட்டும் எழுத்து வெட்டின கல்லு எங்கருந்து வந்துச்சு? பஞ்சத்துல மாடு கும்பல் கும்பலா செத்துச்சு, அந்த ரெண்டு மூணு வருஷம் மெட்ராஸ்லருந்து கப்பல்ல தோலு போனது சகட்டுமேனிக்கு ஏறுச்சு. எங்காளு தோலு யாவாரி. அதுக்கு மேல நான் யோசிக்கல.

ரிட்டயர்டு வாத்தியார்

ரெண்டு பேருக்கும் வணக்கம். என் கத ரெண்டு வரிதான், ஆரணி பக்கம் எங்க பாட்டனார் சமாதி மேல இப்ப ஒரு கல்யாண மண்டபத்து டைனிங் ஹால் இருக்கு, நானே அங்க ரெண்டு தடவ சாப்ட்டுட்டு வந்திருக்கேன். அது கெடக்கட்டும். கல்லு படிக்கறத பத்தி நாலு வார்த்த சொல்லணும், கேக்காட்டியும் சொல்றேன்.

மொதல்ல கழனிமேட்டான் தம்பி, அது "ய உ" இல்ல. தமிழ் எண்ணு. ௰ பாக்கறதுக்கு ய மாரியே இருக்கும், அது பத்து. ௨ உ மாரி இருக்கும், அது ரெண்டு. ௰௨-ன்னா பன்னெண்டு. ஆடி 12. பழய பத்திரம் படிச்ச கண்ணுக்கு ஒடனே தெரியும்.

தேதி இருந்தா அதுக்குக் கீழ கிழம இருக்கும், மண்ணுக்குள்ள இருக்கற பாதியில பாருங்க. கிழம கெடச்சா முடிஞ்சுது. ஏன்னா அறுவது வருஷத்துக்கு அப்புறம் அதே மாசம் அதே தேதி அதே கிழமையில வராது, அஞ்சு நாளோ ஆறு நாளோ தள்ளித்தான் வரும். கணக்கு போட்டுப் பாருங்க, வருஷம் 365 சொச்சம், அறுவதால பெருக்கி ஏழால வகுத்தா மீதி அஞ்சு சொச்சம். பழய பஞ்சாங்கம் எடுத்து 1876 ஆடி 12 என்ன கிழம, 1936-ல என்ன கிழமன்னு பாத்தா ஒண்ணுதான் பொருந்தும்.

எழுத்த வச்சு வருஷம் சொல்றேன்னு ஆரம்பிக்காதீங்க. ணை, லை, னைக்கு யான தும்பிக்க மாரி பழய கொம்பு போட்டு எழுதி இருந்தா பழசுன்னு சொல்லுவாங்க. அத மாத்தினது 1978 அரசாணையிலதான், அதுனால 1876-க்கும் 1936-க்கும் அது வித்தியாசம் காட்டாது. புள்ளி வைக்காம வெட்டி இருந்தா கொஞ்சம் பழசா இருக்கலாம், ஆனா கல்தச்சன் சோம்பேறியாவும் இருக்கலாம்.

மாவு, சாக்பீஸ் தேச்சு படிக்காதீங்க. ஆசிட் ஊத்தவே ஊத்தாதீங்க, ஒரு எடத்துல பாத்ரூம் கழுவற ஆசிட்ட ஊத்தி சலவக்கல்லு எழுத்த மொத்தமா முழுங்கிட்டாங்க. சும்மா தண்ணி, தென்னங்குச்சி இல்லாத மெத்துனு ஒரு பிரஷ். சாயங்காலம் இருட்டினப்புறம் போங்க, போன் டார்ச்ச நேரா அடிக்காம கல்லோட பக்கவாட்டுல ஒட்டினாப்புல புடிங்க. பகல்ல ஒண்ணுமே தெரியாத கல்லு அப்ப பேசும். ஒண்டியா போவாதீங்க, பூச்சி பொட்டு இருக்கும்.

அடுத்தது காகிதம். 1936-ன்னா அந்தக் காலத்து கர்ணம், அதான் ஊர்க் கணக்குப்புள்ள, எழுதின பொறப்பு இறப்பு கணக்கு தாலுக்காவுல சிக்க வாய்ப்பிருக்கு. 1980-ல கர்ணம், மணியக்காரர் வேலையையே எடுத்துட்டாங்க, அப்ப சில வூட்டு பரண்லயே தங்கிப் போன நோட்டும் உண்டு, கர்ணம் பேரன் யாராவது ஊர்ல இருந்தா வெத்தல பாக்கோட போய் கேளுங்க. பாகப் பிரிவின பத்திரம் பாருங்க, "மூத்த தாரம், இளைய தாரம்"னு பச்சையாவே எழுதி இருப்பாங்க. வெள்ளக்காரங்க கல்லறைன்னா கஷ்டமே இல்ல, ஜே.ஜே. காட்டன்னு ஒரு ஐ.சி.எஸ் அதிகாரி 1905-லயே மெட்ராஸ் மாகாணம் பூரா கல்லு கல்லா எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு.

இன்னும் இருக்கு, அப்புறம் எழுதறேன்.

கருவேலங்காடு

வாத்தியாரே, நீங்க சொல்றது பூரா கல்லு இருக்கறவன் கத. வேலூர்ல கண்டி ராஜாவ சிறை வச்சாங்க, 1832-ல செத்தாரு, பாலாத்து ஓரம் அவருக்கு முத்து மண்டபம் இருக்கு. 1806 புரட்சியில செத்த வெள்ளக்கார சோல்ஜருக்கு கோட்டை பக்கத்து கல்லறத் தோட்டத்துல கல்லு இருக்கு. எங்க தாத்தனுக்கு இன்னா கீது? 2019-ல வாணியம்பாடி பக்கம் பாலத்துல இருந்து கயித்துல கட்டி பொணத்த எறக்கினாங்களே, பேப்பர்ல பாத்தீங்கல்ல? சுடுகாட்டுக்கு வழியே வுடாதவன் கல்லு நட எடம் குடுப்பானா. கல்லு, பத்திரம், கர்ணம் கணக்கு, மூணுத்துலயும் நாங்க இல்ல. இருந்தாலும் நல்லபடியா எழுதி இருக்க மாட்டான்.

ஆனா ஒரு காகிதம் இருந்துச்சு. மூணு வருஷம் முன்ன தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து ஒருத்தரு எங்க காலனிக்கு வந்தாரு, அறுவது வயசு இருக்கும், தமிழ் ஒரு வார்த்த வராது. கரும்புத் தோட்டத்துக்கு 1860-லருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்கு ஒன்றர லட்சம் பேர ஏத்திக்கினு போனாங்கல்ல, அதுல ஒருத்தரோட பேரனுக்குப் பேரன். கையில ஒரு லிஸ்ட் காப்பி. கூலி நம்பர், ஜில்லா நார்த் ஆற்காட், தாலுக்கா, எங்க ஊரு பேரு எழுத்துப்பிழையோட, அப்பன் பேரு, சாதி, வயசு, ஒசரம், ஒடம்புல எங்க தழும்புன்னு கூட. ஆட்டுச் சந்தையில பல்லு புடிச்சு பாத்து எழுதற மாரி. ஆனா எங்க ஊரு ஆளப்பத்தி அவ்ளோ வெவரமா எழுதின ஒரே காகிதம் அதான், எனக்கு படிக்கக் கோவமும் வந்துச்சு, பொறாமையும் வந்துச்சு.

அவரு கற்பூரம், தேங்கா எல்லாம் வாங்கிக்கினு வந்துட்டாரு, அந்த அப்பன் சமாதிய காட்டுங்கன்றாரு. யாருக்கு தெரியும்? குழி வெட்ற தாத்தா ஒருத்தரு இருக்காரு, அவர இட்டாந்தோம். ரெண்டு கையிலயும் கடப்பாறையும் மம்புட்டியும், கால நீட்டி காட்டினாரு: "இங்கருந்து அந்தா அந்தக் கருவேல மரம் வரைக்கும் ஒன் ஆளுங்கதான் சாமி. எங்க வேணா கொளுத்து."

அத நான்தான் இங்கிலீஷ்ல சொல்லணும். சொல்ல வரல எனக்கு. சும்மா கைய காட்டினேன்.

சேத்துப்பட்டு மெழுகுவத்தி

எல்லாரும் ரொம்ப சீரியசா எழுதறீங்க, நான் எங்க வூட்டு மானத்த வாங்கறேன்.

நவம்பர் 2 கல்லறத் திருநாளுக்கு வருஷா வருஷம் ஊருக்குப் போவோம், தாத்தா கல்லறைக்கு சுண்ணாம்பு அடிச்சு, சாமந்தி மால போட்டு, மெழுகுவத்தி கொளுத்தி, சாமியாரு வந்து மந்திரிச்சுட்டுப் போவாரு. கல்லுல எழுத்து பாதி உதிர்ந்து "...ப்பிரகாசம்"னு மட்டும் இருக்கும், எங்க தாத்தா பேரும் அப்படித்தான் முடியும். பதினோரு வருஷம். பன்னெண்டாவது வருஷம் பெங்களூர்லருந்து ஒரு குடும்பம் அதே கல்லறைக்கு மாலையோட வந்து நிக்குது. அவங்ககிட்ட பழய போட்டோ இருக்கு, எழுத்து உதிராதப்ப எடுத்தது. முன்பாதி வேற.

அந்தம்மா கோவப்படல, "இத்தன வருஷம் யாரு சுத்தமா வச்சிருக்காங்கன்னு நெனச்சோம்"னு எங்கம்மா கையப் புடிச்சிக்கிச்சு. எங்கம்மா அழறதா சிரிக்கறதான்னு தெரியாம அண்ணன திட்ட ஆரம்பிச்சிட்டாங்க. சரி, அப்ப எங்க தாத்தா எங்கன்னு தேடினா ரெண்டு வரிச தள்ளி, எருக்கஞ்செடிக்குள்ள, கல்லு ரெண்டா ஒடைஞ்சு. அடக்கப் பதிவேட்டுல வரிச எண் இருந்துச்சு, கோயில்ல போய் கேட்டிருந்தா மொத வருஷமே தெரிஞ்சிருக்கும். யாரும் கேக்கல.

இப்ப ரெண்டு கல்லறைக்கும் சுண்ணாம்பு அடிக்கறோம். அண்ணன் செலவு.

வேடியப்பன் பக்தன்

வாத்தியார் மாவு போடாதேன்றாரு, எங்க ஊர்ல நடுகல்லுக்கு வருஷா வருஷம் எண்ண தேச்சு மஞ்ச பூசி பொங்க வைக்கறோம், ஆயிரம் வருஷம் தாண்டி நிக்குது, ஒண்ணும் ஆவல. செங்கம் பக்கம் பூரா இப்படித்தான், மாடு மீட்டு செத்தவன் வேடியப்பனா ஒக்காந்து இருக்கான். அவன் எங்க வம்சம்.

ரிட்டயர்டு வாத்தியார்

நடுகல் வேற, சமாதிக் கல்லு வேற. அதுல பல்லவர் காலத்து வட்டெழுத்து இருக்கும், பூரா ஊருக்கும் சாமி. ஒங்க வம்சம்னு கல்லுல எழுதி இருக்கா? எண்ணப் பிசுக்குல எழுத்து மூடித்தான் போச்சு, ஒங்களுக்கு தெரியாது அவ்ளோதான். கருவேலங்காடு தம்பி சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஒத்துக்கறேன்.

கருவேலங்காடு

ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. கழனிமேட்டானுக்கு ஒண்ணு. 1876-ன்னு மனச தேத்திக்காத. தாது பஞ்சத்துல செத்தவன தூக்கிப் போடவே ஆளில்ல, தோலு யாவாரி கத வேற. ஒங்க வூட்ல எவன் சாப்பாட்டுக்கு வழியில்லாதப்ப பொம்பளைக்கு கல்லு வெட்டினான்? அது 1936-தான்.

கழனிமேட்டான்

அப்புறமா அவங்க பேரங்க வசதியானப்ப நட்டிருக்கலாம்ல? பல பேரு அப்படி நட்டிருக்காங்க. தெரியாம அடிச்சு சொல்லாதீங்க.

சரி, போன ஞாயித்துக்கெழம போயிட்டு வந்தேன். வாத்தியார் சொன்னபடி பொழுது சாஞ்சு, சித்தப்பா பையன கூட்டிக்கினு. கல்லச் சுத்தி ஒரு மொழம் மண்ண எடுத்தோம், தண்ணி ஊத்தி பிரஷ் போட்டோம், டார்ச்ச பக்கத்துல புடிச்சான். கீழ ஒரு வரி இருக்கு. ஆடி ௰௨-க்கு அப்புறம்.

"...கிழமை".

முன்னாடி எழுத்து இருந்த எடம் மம்புட்டி பட்டு செதறிப் போயிருக்கு. வாய்க்கா வெட்டறப்ப எங்காளே எவனோ வெட்டி இருக்கான். கிழமன்னு மட்டும் சுத்தமா, அழகா இருக்கு. சித்தப்பா பையன் சிரிச்சு சிரிச்சு வரப்புல ஒக்காந்துட்டான். எனக்கு ஆத்திரம்.

ராத்திரி வூட்டுக்கு வந்து கால் கழுவறேன், நகக்கண்ணுல மண்ணு. ஆயா திண்ணையிலருந்து பாத்துக்கினே இருந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல, போட்டோ காட்டல. அவங்களே கேட்டாங்க:

"தண்ணி ஊத்தி கழுவினியே, பூ வச்சியாடா?"

ரிட்டயர்டு வாத்தியார்

தம்பி, செதறின எடத்தோட அகலத்த ஸ்கேல் வச்சு அளந்து போடுங்க. கிழமன்ற எழுத்து ஒவ்வொண்ணும் எத்தன அங்குலம்னும். சனி, புதன் சின்னது, செவ்வாய், வெள்ளி, ஞாயிறு நீளம். பஞ்சாங்கத்துல ரெண்டு கிழமதான் வரும், எது அந்தப் பள்ளத்துல உக்காருதுன்னு பாத்துடலாம். மழைக்கு முன்ன போங்க.