தீனி கொடுத்துப் பழக்கினால் நாய்க்குட்டியின் காவல் குணம் கெட்டுவிடுமா?

கேள்வி: பந்தல்காரி, கம்பம்

கம்பத்திலிருந்து கூடலூர் செல்லும் வழியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. இராக்காவலுக்கென்று ஐம்பது நாள் வயதில் ஒரு சிப்பிப்பாறைப் பெண்குட்டியை வாங்கி வந்தோம். இப்போது அதற்கு எழுபது நாள் ஆகிறது. நிறத்தை வைத்துச் செவலை என்று கூப்பிடுகிறோம். பால் பிஸ்கட்டைத் துண்டு துண்டாக உடைத்துக் காட்டி, "உட்கார்", "வா" என்ற இரண்டையும் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டேன். பந்தலடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தையும் ஆசைக்கு ஒன்றிரண்டு கொடுப்பதுண்டு.

எனக்கு இரண்டு சிக்கல்கள். கையில் பிஸ்கட் இருந்தால் சொன்னதைச் செய்யும் குட்டி, வெறும் கையைக் கண்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்தது என் மாமனாரின் கோபம். முன்பு அவர் வளர்த்த நாய் ஒன்றை யாரோ விஷம் வைத்த கறியைப் போட்டுக் கொன்றிருக்கிறார்கள். ஆகவே, கையில் வாங்கித் தின்று பழகிய நாய் கள்ளன் கொடுத்தாலும் தின்னும் என்றும், தட்டில் வைக்கும் சோற்றைத் தவிர வேறொன்றும் காட்டக் கூடாது என்றும் சொல்கிறார். அவர் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை, அதட்டி அடித்துப் பழக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: கால்நடைப் பட்டதாரி, போடி

சகோதரி, நீங்கள் கேட்ட இரண்டையும் விட, கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. திராட்சையை இன்றே நிறுத்துங்கள். புவிசார் குறியீடு கிடைத்தது என்று 2023 முதல் நாம் பெருமை பேசும் அதே பழம் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. சில நாய்கள் கொத்தாகத் தின்றும் ஒன்றும் ஆகாமல் இருக்கும், சில நாய்களோ சில பழங்களிலேயே படுத்துவிடும். எந்த நாய் எந்த வகை என்பது முன்கூட்டித் தெரியாத காரணத்தால், இவ்வளவு கொடுக்கலாம் என்று ஓர் அளவைச் சொல்லவே வழியில்லை. பாயசத்தில் போடும் உலர் திராட்சைக்கும் இதே விதிதான்.

பழத்திலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021இல் எடுத்துரைத்தார்கள். அந்த அமிலம் நம் புளியிலும் நிறைய உண்டு என்பதால், புளிக்குழம்பு ஊற்றிய மிச்சச் சோற்றையும் குட்டிக்கு வைக்காதீர்கள். தின்ற ஒரு நாளுக்குள் வாந்தி, சோர்வு, தீனியில் வெறுப்பு ஆகியவை தோன்றும். பிறகு சிறுநீர் குறையும். பழம் தின்றது அப்போதே கண்ணில் பட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், ஏனெனில் தொடக்கத்தில் வாந்தி எடுக்கச் செய்வதுதான் பெரிதும் காப்பாற்றும். இதுவரை கொடுத்ததற்காக ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவதும் நல்லது. பந்தலுக்குள் அவிழ்த்து விடுவதை, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிய பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயம், பூண்டு, சாக்லேட், சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய் ஆகியவற்றையும் விலக்கிவிடுங்கள்.

பதில் 2: ஏலக்காட்டுக்காரன், குமுளி

மேலே மருத்துவம் தெரிந்தவர் முக்கியமானதைச் சொல்லிவிட்டார். நான் பழக்கும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து, எடை போட்ட பிறகுதான் கூலி. நீங்களோ கூலியை முதலிலேயே கண்ணெதிரில் ஆட்டிக் காட்டிவிட்டு வேலை வாங்குகிறீர்கள். அப்படிப் பழகிய குட்டிக்கு "உட்கார்" என்ற சொல் கட்டளை ஆகாது, பிஸ்கட்தான் கட்டளை. அதனால்தான் வெறும் கையை அது மதிப்பதில்லை. குட்டியின் மேல் குற்றமில்லை.

முதல் நாலைந்து தடவை தீனியைக் காட்டி இழுப்பதில் தவறில்லை. அதற்குப் பிறகு அதே கையசைவை வெறும் கையால் செய்யுங்கள். தீனி மடியிலோ சட்டைப்பையிலோ மறைந்திருக்கட்டும். குட்டியின் பின்புறம் தரையைத் தொட்ட அந்த நொடியிலேயே "சபாஷ்" என்று எப்போதும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, பிறகு எடுத்துக் கொடுங்கள். ஓரிரு நொடிக்கு மேல் தாமதித்தால் அது எழுந்து நின்றதற்குக் கூலி வாங்கியதாக நினைத்துக்கொள்ளும். அந்த ஒரு சொல்தான் செய்கைக்கும் தீனிக்கும் நடுவே பாலமாக நிற்கிறது. பாடம் உறுதிப்பட்ட பின்பு ஒவ்வொரு முறையும் தீனி தராமல், சில முறை தட்டிக் கொடுத்தும் சில முறை தீனி கொடுத்தும் வாருங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத கூலிக்குத்தான் நாய் விடாமல் உழைக்கும்.

துண்டு பொட்டுக்கடலை அளவுக்கு மேல் வேண்டாம். நாளின் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் சர்க்கரையும் மாவும் கலந்த பண்டம், பல்லுக்கும் வயிற்றுக்கும் உதவாது. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த கோழிக்கறி, முட்டை, ஈரலில் ஒரு சிறு துணுக்கு போதும். ஈரலைத் தினமும் கொடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன், பசியோடு இருக்கும்போது மூன்று நான்கு நிமிடம் பழக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். குட்டிக்கு அதற்கு மேல் கவனம் நிற்காது.

தொடர்பில்லாவிட்டாலும் ஒன்று. எங்கள் பக்கம் சிறுத்தை முதலில் தூக்குவது நாயைத்தான். உங்கள் தோட்டம் மலையடியை ஒட்டியிருந்தால் இரவில் குட்டியைக் கூண்டில் அடைத்து வையுங்கள்.

பதில் 3: வேட்டைநாய் வளர்ப்போன், செங்கோட்டை

சிப்பிப்பாறையைப் பல ஆண்டுகளாக வளர்ப்பவன் என்ற முறையில் உங்கள் மாமனாரின் அச்சத்துக்கு மறுமொழி எழுதுகிறேன். அந்த அச்சம் பொருளற்றது அன்று, ஆனால் அவர் சொல்லும் மருந்து தவறானது. கையால் ஒன்றுமே வாங்காத நாயும் தரையில் கிடக்கும் கறியை முகர்ந்து தின்னத்தான் செய்யும். வேண்டாம் என்று விலகுவதையும் நாமே சொல்லித்தர வேண்டும், அதற்கும் தீனிதான் கருவி.

துணுக்கை மூடிய கைக்குள் வைத்து நீட்டுங்கள். குட்டி நக்கும், பிறாண்டும், பேசாமல் இருங்கள். முகத்தைப் பின்னுக்கு இழுத்த கணமே "எடு" என்று சொல்லி மறு கையிலிருந்து வேறொரு துணுக்கைக் கொடுங்கள். சில நாட்களில் கையைக் கண்டதுமே விலகி உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். அடுத்ததாகத் தரையில் போட்டுக் காலால் மறைத்துச் செய்யுங்கள். அதற்கும் பிறகு, அதற்குப் பழக்கமில்லாத ஓர் ஆளைக் கொண்டு நீட்டச் செய்து, மறுத்தால் நீங்கள் கூலி கொடுங்கள். "எடு" என்ற சொல் வீட்டாரின் வாயிலிருந்து மட்டும் வரட்டும். இதில் ஓரளவு காவல் கிடைக்குமே தவிர, முழுவதும் நம்பிவிட முடியாது. அந்தியில் வயிறு நிறையச் சோறு வைப்பதும், இரவில் வேலிக்கு எட்டாத தொலைவில் கட்டுவதும்தான் விஷக்கறிக்கு உறுதியான தடை.

இன்னொன்று, இந்த இனம் கண்ணால் வேட்டையாடுவது. முயலோ கீரியோ ஓடினால் அவித்த கோழி கூட அதன் நினைவுக்கு வராது. எனவே "வா" என்பதை முதலில் முற்றத்திலும், பிறகு நீண்ட கயிற்றில் கட்டித் தோட்டத்திலும் பழக்கி, வந்த ஒவ்வொரு முறையும் இருப்பதிலேயே ருசியானதைக் கொடுங்கள். மற்றதற்குக் கூலியைக் குறைக்கலாம். இதற்கு மட்டும் குறைக்காதீர்கள். கூப்பிட்டு வந்த குட்டியை ஒருபோதும் அதட்டாதீர்கள், செருப்பைக் கடித்துவிட்டு வந்திருந்தாலும் சரி.

பந்தல்காரி, கம்பம்

மூவருக்கும் நன்றி. இரத்தப் பரிசோதனையில் குறையொன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூடிய கைப் பயிற்சியை மாமனாரிடமே கொடுத்துவிட்டேன். இப்போது அவரே முட்டை அவித்து மடியில் முடிந்துகொண்டு போகிறார். ஒரு சந்தேகம்: எங்கள் இருவருக்கும் விலகுகிறது, ஆனால் என் ஐந்து வயது மகனின் கையிலிருந்து மட்டும் பிடுங்கித் தின்கிறது.

வேட்டைநாய் வளர்ப்போன், செங்கோட்டை

குழந்தை பயந்து கையை மேலே தூக்கும், குட்டி தாவும், அது விளையாட்டாகிவிடும். இப்போதைக்குப் பையன் தீனியைக் கையில் பிடிக்க வேண்டாம். நீங்கள் பக்கத்தில் நிற்க, குட்டி உட்கார்ந்த பிறகு துணுக்கைத் தரையில் போட்டுவிட்டு "எடு" என்று அவன் சொல்லட்டும்.