ஃபேடரை இறக்கினாலும் மிருதங்கம் போக மாட்டேங்குது

வணக்கம். ஒரு வாரமா இதுலயே மாட்டிக்கிட்டு நிக்கறேன். ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டுக் கூடத்துல எடுத்த கச்சேரி, மொத்தம் 31 டிராக். ரீப்பர் 7 (ஒலிப்பதிவு, மிக்ஸிங் சாஃப்ட்வேர்), விண்டோஸ் 10 லேப்டாப். போன சனிக்கிழமைதான் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம்னு தனித்தனி ஃபோல்டரா அடுக்கி, கலரும் போட்டேன். பார்க்க கொலு மாதிரி இருக்கு. தலைவலி அதுக்கப்புறம்தான்.

மிருதங்க ஃபோல்டர்ல வலந்தலைக்கு (வலது பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு (இடது பக்கம்) ஒண்ணு. ஃபோல்டர் ஃபேடரை (சத்தத்தை ஏத்தி இறக்கற பட்டை) முழுசா இறக்கினா நேர் சத்தம் போயிடுது. ஆனா ரிவெர்ப்ல (கூடத்து முழக்கம் சேர்க்கற எஃபெக்ட்) 'தோம்' மட்டும் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி கேக்குது. ரிவெர்ப் டிராக் ஒண்ணே ஒண்ணு, ஃபோல்டருக்கு வெளிய. ஃபோல்டருக்கு உள்ள இருக்கற ஒவ்வொரு டிராக்லேருந்தும் அதுக்கு சென்ட் (சத்தத்தோட ஒரு நகல்) போகுது. எல்லாமே போஸ்ட்-ஃபேடர்தான் (அந்தந்த டிராக்கோட ஃபேடரைத் தாண்டின அப்புறம் பிரியறது), ரெண்டு தடவை பார்த்துட்டேன்.

ரிவெர்ப்பை மிருதங்க ஃபோல்டருக்குள்ள தள்ளிப் பார்த்தேன்: பாட்டோட ரிவெர்ப்பும் சேர்ந்து இறங்குது. சென்டை ஃபோல்டர்லேருந்தே போட்டா ஃபேடர் சொன்னபடி கேக்குது, ஆனா வலந்தலைக்கு இவ்வளவு, தொப்பிக்கு அதைவிடக் கம்மின்னு பார்த்துப் பார்த்து வெச்ச அளவு போயிடுது.

தனித்தனி சென்ட் அளவும் இருக்கணும், ஃபோல்டர் ஃபேடரோட ரிவெர்ப்பும் இறங்கணும். இதுக்கு டிராக்கை எப்படி அடுக்கறீங்க?