72 வயது அம்மா, 5 வயது மகள்: நாகேஸ்வர ராவ் பார்க்குக்கு எப்போது, எப்படிப் போவது?

வேளச்சேரிக்காரன்:
மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பார்க்கில் ஒருநாள் காலை ஒன்றரை மணி நேரம் இருக்கலாம் என்று திட்டம். அம்மாவுக்கு முட்டிவலி, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகள் ஊஞ்சலைப் பார்த்தால் விடமாட்டாள். பெரியவர் என்று கூட வருவது நான் ஒருவன்தான். ரயிலா ஆட்டோவா? எந்த நேரத்தில் கூட்டம் குறைவு? கூழாங்கல் பாதை, 8 வடிவக் கோட்டில் சுற்றி நடக்கும் எட்டு நடை எல்லாம் அம்மாவுக்கு ஆகுமா? கழிப்பறை எப்படி? அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள்.

தெற்குமாடவீதி:
வார நாளில், ஏழரைக்கு மேல் போங்க. ஆறிலிருந்து ஏழேகால் வரை வேக நடைக்காரர்கள் ராஜ்யம். நடைபாதையில் மெதுவாகப் போகிறவர் நடுவில் நின்றாலே இடிபடுவார். ஏழரைக்கு ஆபீஸ் போகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள், பெஞ்சும் காலியாகும். ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிடும், அதோடு கிளம்பிவிடலாம். மதியத்துக்குத் திட்டம் போடவே வேண்டாம். மாநகராட்சிப் பூங்காக்களில் நடுப்பகலில் பூட்டுகிற பழக்கம் முழுசாகப் போகவில்லை.

பறக்கும் ரயிலில் வேளச்சேரியிலிருந்து திருமயிலை நேர் வண்டிதான், மாற வேண்டியதில்லை. ஆனால் பிளாட்பாரம் மாடியில். முட்டிவலிக்காரருக்குப் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. இறங்கிய பிறகும் லஸ் முனையைத் தாண்டி லஸ் சர்ச் ரோட்டில் மேற்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். சாலையைக் கடக்க வேறு வேண்டும், அந்தப் பக்கம் மெட்ரோ வேலைக்காக அடிக்கடி பாதையை மாற்றுகிறார்கள். அம்மாவோடு என்றால் வீட்டு வாசலிலிருந்தே ஆட்டோ. “அமிர்தாஞ்சன் கம்பெனி பக்கத்து பார்க்” என்றால் ஓட்டுநருக்குத் தெரியும். காரை எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நேரம் போகும்.

கழிப்பறையை உள்ளே நுழைந்ததும் முதலில் பாருங்க, அவசரம் வந்த பிறகு அல்ல. பூட்டியிருந்தால் சாவி காவலாளியிடம் இருக்கும். உள்ளே வழுக்குகிறதா, உட்காரும் வகையா, பிடித்து எழக் கைப்பிடி உண்டா என்று நீங்கள் பார்த்த பிறகு அம்மாவை அனுப்புங்க. சோப்பும் ஒரு லிட்டர் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

நடைராஜா:
சர்க்கரைக்காரர் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கீறலோ கொப்புளமோ தெரியாது, வீட்டுக்கு வந்து சாக்ஸில் ரத்தக்கறை பார்த்துத்தான் தெரியும். அதற்குள் புண்ணாகியிருக்கும். குதிகால் மூடிய, பின்பட்டி வைத்த செருப்பு அல்லது கேன்வாஸ் ஷூ போதும். ரப்பர் செருப்பு வேண்டாம், மழை பெய்த மறுநாள் பாசி பிடித்த டைல்ஸில் அதுதான் முதலில் வழுக்கும்.

மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நடக்க விடாதீர்கள். சில மாத்திரைகளிலும் இன்சுலினிலும் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே உட்கார வைத்து மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், ஏறத்தாழ 15 கிராம் வரும். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான். பையில் பிஸ்கட் இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள், அது மெதுவாகத்தான் ஏறும். கிளம்புவதற்கு முன்பு இரண்டு இட்லி சாப்பிடச் சொல்லுங்கள்.

எட்டு நடை பற்றி ஊரெல்லாம் பிரமாதமாகப் பேசுவார்கள். முட்டிவலிக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன். வளைவு சிறிதாக இருந்தால் திரும்பும்போதெல்லாம் முட்டி முறுக்கப்படும். நேர்ப்பாதையில் பத்து நிமிடம் நடந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பத்து நிமிடம், அவ்வளவு போதும். மற்றவர்கள் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்களோ அதே பக்கம் போகச் சொல்லுங்கள்.

திறந்தவெளி ஜிம் கருவிகள் எந்தப் பூங்காவில் இருந்தாலும் அம்மாவுக்குத் தோள் சக்கரம் மட்டும் சரி. நின்றபடி இடுப்பை முறுக்கும் தட்டு வேண்டாம். காலை முன்னும் பின்னும் வீசும் ஏர் வாக்கரில் ஏறுவது சுலபம், அது நிற்பதற்குள் இறங்கும்போதுதான் பெரியவர்கள் விழுகிறார்கள். குழந்தையை இந்தக் கருவிகள் பக்கமே விடாதீர்கள். பெரியவர்கள் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தவை, மூட்டு இணைப்பில் விரல் மாட்டும்.

வேளச்சேரிக்காரன்:
எட்டு நடையைத்தான் அம்மா ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்! சரி, பேசிப் பார்க்கிறேன். மகள் விளையாட்டுச் சாமான் பற்றி?

மணல்மேடு:
ஊஞ்சலில் உட்காரும் முன்பு மேலே பாருங்க: சங்கிலி மாட்டிய கொக்கி தேய்ந்து மெல்லிசாக இருந்தால் அந்த ஊஞ்சல் வேண்டாம். பலகையைக் கையால் ஒரு முறை பலமாகக் கீழே அழுத்திப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். அடிபடுவது பெரும்பாலும் ஆடுகிற பிள்ளைக்கு அல்ல, முன்னால் குறுக்கே ஓடுகிற பிள்ளைக்கு. எட்டடி தள்ளி நிற்கப் பழக்குங்க.

இரும்புச் சறுக்குமரம் எட்டரைக்கே சுட ஆரம்பிக்கும், அதனால் வந்ததும் சறுக்கு, பிறகு ஊஞ்சல். ஃபைபர் சறுக்கில் விளிம்பு வெடித்திருந்தால் கண்ணாடி நூல் போல மெல்லிய சிராய் தொடையில் ஏறும், ஊசி வைத்து எடுக்க முடியாத அளவு சின்னது. தடவிப் பாருங்க, முழுக்கால் பேண்ட் போட்டுவிடுங்க. சறுக்கின் கீழே குழியில் தண்ணீர் நின்றால் அன்றைக்குச் சறுக்கு கிடையாது.

உங்களுக்கு உண்மையான சிக்கல் வேறு. பெரியவர் நீங்கள் ஒருவர்தான், பார்க்க வேண்டியது இரண்டு பேரை. அம்மா நடக்கும்போது மகள் ஊஞ்சலில் இருந்தால் ஒருவர் உங்கள் பார்வைக்கு வெளியே போவார். முறை வைத்துக்கொள்ளுங்க: முதல் அரைமணி மூவரும் சேர்ந்து மெதுவாகச் சுற்று, அப்புறம் அம்மா விளையாட்டு இடம் தெரிகிற பெஞ்சில் உட்காரட்டும். முடிந்தால் தங்கை, மச்சினர் என்று இன்னொருவரைக் கூட்டி வாங்க.

எதாவது உடைந்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லலாம், நம்ம சென்னை செயலியில் படத்தோடும் போடலாம். “ஊஞ்சல் உடைந்துள்ளது” என்று மட்டும் எழுதினால் யாரும் தேடி வரமாட்டார்கள். பூங்கா பெயர், எந்த வாசல் பக்கம், எத்தனையாவது ஊஞ்சல், எந்த உறுப்பு என்று எழுதி, புகார் எண்ணைக் குறித்து வையுங்க.

இலைச்சருகு:
அம்மா பெஞ்சில் சும்மா உட்கார்ந்தால் அலுத்துவிடும், ஒரு யோசனை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை அங்கே மைக் இல்லாத கச்சேரி நடக்கும், சுந்தரம் ஃபைனான்ஸ் ஆதரவில், செஸ் கட்டம் போட்ட இடத்தில். சின்னப் பிள்ளைகள் பாடுவார்கள். கிட்டே உட்கார்ந்தால்தான் காதில் விழும். வார நாளின் அமைதி வேண்டுமா, பாட்டு வேண்டுமா என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும். ஞாயிறு என்றால் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான்.

கதை கேட்கும் பெரியவர் என்றால், பூங்கா இருக்குமிடம் ஒருகாலத்தில் சேறும் தண்ணீருமாகக் கிடந்த குட்டை. அமிர்தாஞ்சன் கம்பெனியைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில்தான் பூங்கா. அவர் வீடு ஸ்ரீபாக். கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் 1937 நவம்பரில் செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தம் அந்த வீட்டில்தான். லஸ் சர்ச் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த லஸ் சர்ச், அதாவது காட்டுக்கோயில் என்கிற மாதா கோயிலும் பக்கம்தான்.

குழந்தைக்கு மரம் காட்டுங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் இலை மேகம் கவிந்தாலே கூம்பும். “டொக், டொக்” என்று பாத்திரம் தட்டுவது போல் கேட்டால் அது குக்குறுவான் பறவை; அத்தி, ஆல் பழுக்கும் காலத்தில் கிளை நுனியில் தேடுங்கள். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பலத்த மழை பெய்த மறுநாள் பெரிய மரத்தின் கீழ் உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் ஊறிய கனத்த கிளை காற்றே இல்லாமல் முறியும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களில் குல்மொஹர், பெருங்கொன்றை மாதிரி வெளியூர் மரங்கள்தான் நிறைய. வேர் ஆழமில்லை.

வேளச்சேரிக்காரன்:
வியாழக்கிழமை, ஏழரைக்கு, ஆட்டோவில். தங்கையும் வருகிறாள். திரும்பும்போது ராயர் மெஸ் போகலாமா?

தெற்குமாடவீதி:
அம்மாவோடு வேண்டாம் சார். ருசிக்குக் குறையில்லை, ஆனால் இடம் சின்னது, வாசலில் நின்று காத்திருக்க வேண்டும். நடந்து முடித்த முட்டிக்கு அது ஆகாது. உட்கார்ந்து காத்திருக்க நாற்காலி போட்ட ஓட்டலாகப் பாருங்க. தங்கையை அனுப்பி ராயரில் பொங்கல் பார்சல் வாங்கினால் இரண்டும் நடக்கும்.