கோல்ட் சோக்: இரவெல்லாம் வெளியே நின்ற மின்வண்டிக்கு ஒரு சொல்

ந. (டொராண்டோ), திங்கள்

கலைச்சொல் மடற்குழு அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மின் மோட்டார் சைக்கிளைக் குளிர்காலத்தில் ஓட்டுவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழில் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. மற்றதையெல்லாம் ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டேன். "கோல்ட் சோக்" (cold soak; சோக் என்றால் ஊறுதல்) மட்டும் பதினோரு இடத்தில் வந்து வழிமறிக்கிறது.

இரவு முழுக்க வெளியே நின்ற வண்டி, மேல்தகடு மட்டுமல்லாமல் பேட்டரியின் நட்டநடுச் செல் வரைக்கும், வெளிக்காற்றின் குளிருக்கே வந்துவிட்ட நிலை. இப்போதைக்கு "குளிரூறல்" என்று போட்டிருக்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"குளிரூறிய வண்டியைச் சார்ஜரில் மாட்டினால் மின்னேற்றம் தொடங்காமல் போகலாம். முதல் சில கிலோமீட்டருக்கு மீட்புத் தடுப்பும் இயங்காது."

மீட்புத் தடுப்பு என்பது ரீஜென் பிரேக்: த்ராட்டிலை விட்டதும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த ஆற்றலை மின்னாக்கிப் பேட்டரிக்குத் திருப்புவது. அதில் யாரும் கைவைக்க வேண்டாம். அதை முடிக்கவே போன வருடம் நாற்பது மடல் ஆயிற்று.

ப. (கோயம்புத்தூர்), திங்கள்

ந. அண்ணா, ஊறல் மட்டும் வேண்டாம். இங்கே ஊறல் என்றால் ஒன்றுதான்: காட்டுக்குள் புதைத்த பேரலும், அதைப் போலீஸ் கவிழ்த்துக் கொட்டுகிற படமும். "குளிரூறல் வண்டி" என்று படித்தால் சரக்கு கடத்துகிற வண்டி என்பார்கள்.

சு. (தஞ்சாவூர்), செவ்வாய்

அன்பர்களே,

சாராயம் காய்ச்சுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக ஒரு சொல்லை விட்டுக்கொடுப்பதா? உளுந்து ஊறுகிறது, மாங்காய் ஊறுகிறது, கிணறு ஊறுகிறது. ஊறு என்பதற்குத் தீங்கு என்று பொருள். தொடுவுணர்வு என்றும் பொருள். ஐம்புலன்களை அடுக்கும் குறளில் சுவைக்கும் ஒளிக்கும் அடுத்து நிற்பது அந்த ஊறுதான். தொட்டே தீங்கு செய்யும் குளிருக்கு இதைவிடப் பொருத்தம் எது?

ஆனாலும் நான் ஊறலை முன்மொழியவில்லை. ஊறுவதற்கு ஏதாவது உள்ளே போக வேண்டும். குளிர் உள்ளே போகிற பொருளன்று. சூடு வெளியே போவதைத்தான் குளிர் என்கிறோம்.

என் முன்மொழிவு "கூர்வு". நெடுநல்வாடையின் தொடக்கத்தைப் பாருங்கள். வாடையில் விலங்குகள் மேயலை மறக்கின்றன; "மந்தி கூர" என்று வருகிறது. குரங்கு குளிரில் ஒடுங்கிக் குறுகிப் போகிறது. ந. தந்த வாக்கியத்தில் நடப்பதும் இதுவே. மேயலை மறந்த மாடும் மின்னை ஏற்காத கலமும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. கூதிர், கூதல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூ என்னும் அடியிலேயே ஒடுக்கம் இருப்பது...

(மீதி மூன்று பத்திகளைப் பின்னிணைப்பாக அனுப்பியுள்ளேன்.)

த. (யாழ்ப்பாணம்), செவ்வாய்

ஐயா, மந்தி நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் உயிரியல் பாடநூலில் "கூர்ப்பு" என்றால் பரிணாமம். "கூர்வுற்ற மோட்டார் சைக்கிள்" என்று எழுதினால், சைக்கிளிலிருந்து கூர்ப்படைந்து வந்தது என்று பிள்ளைகள் விடை எழுதுவார்கள்.

நாங்கள் நாளாந்தம் சொல்வது விறைப்பு. கை விறைச்சுப் போச்சு, கால் விறைச்சுப் போச்சு. டொராண்டோவில் இதைக் கையில் எடுக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் எங்கட சனம். "விறைத்த வண்டி" என்றால் ஒருவருக்கும் அகராதி வேண்டாம்.

இன்னொன்று. பேட்டரியை மின்கலம் என்று எழுதாதீர்கள். மின்கலம் ஒற்றைச் செல். பல சேர்ந்தது மின்கலவடுக்கு. மகர ஈறு கெட்டு, வருமொழி உயிர் என்பதால் வகர உடம்படுமெய். இந்த இடத்தில் அந்த வேறுபாடு முக்கியம்தானே, ம. தம்பி?

ம. (பெங்களூரு), செவ்வாய் இரவு

முக்கியமேதான் சேர். குளிர்வது அடுக்கு, கெடுவது கலம். சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடலாம்.

வண்டிச் சோதனைக் கூடங்களில் சோக் என்றால் வண்டியைக் குறித்த வெப்பநிலையில் அசையாமல் நிறுத்தி வைப்பது. அமெரிக்க மாசுச் சோதனை முறையில் 12 முதல் 36 மணி நேரம். ஏன் அவ்வளவு? பெரிய மின் மோட்டார் சைக்கிளில் அடுக்கு 12 முதல் 15 கிலோவாட் மணி இருக்கும். எடை நூறு கிலோவை ஒட்டி வரும். அந்த எடை மெதுவாகத்தான் குளிரும், மெதுவாகத்தான் சூடேறும். மாலை ஓட்டிவிட்டு நிறுத்திய வண்டியில், வெளியே −10 டிகிரி இருந்தாலும், ஒரு மணி நேரம் கழித்து உள்ளே இன்னும் சூடு இருக்கும். காலையில் வெளியே வெயில் அடித்து 3 டிகிரிக்கு வந்துவிட்டாலும் உள்ளே −8 இருக்கலாம். ஆக, டாஷ்போர்டில் தெரிகிற காற்று வெப்பநிலையை நம்பக் கூடாது. நாம் தேடும் சொல்லில் இந்த "உள்ளே வரைக்கும்", "மெதுவாக" இரண்டும் இருக்க வேண்டும்.

கணக்கு வேண்டுவோருக்கு: செல்லைக் கிலோவுக்கு ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 1 கிலோஜூல். நூறு கிலோவை −10-லிருந்து +10-க்குக் கொண்டுவர 2000 கிலோஜூல், அதாவது 0.56 கிலோவாட் மணி. 300 வாட் சூட்டுப்பட்டை என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வெளியே கசிவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். பல மோட்டார் சைக்கிள்களில் அந்தப் பட்டையே கிடையாது.

ஏன் சார்ஜ் மறுக்கிறது: பூஜ்யத்துக்குக் கீழே, செல்லின் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் லித்தியம் நுழைவது மந்தமாகிவிடும். வெளியிலிருந்து வேகமாகத் தள்ளினால் உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அந்தப் படிவில் ஒரு பகுதி திரும்ப வராது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், ஊசிபோல் வளர்ந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். அதனால்தான் பல செல்களுக்குச் சார்ஜ் வரம்பு 0 முதல் 45 டிகிரி என்றும், டிஸ்சார்ஜ் −20 முதல் 60 என்றும் தனித்தனியாகப் போடுகிறார்கள். ஓடும், ஏறாது. ரீஜெனும் சார்ஜ்தான், அதுவும் அதே காரணத்தால் நிற்கிறது.

இனி "விறைப்பு". டயருக்கும் ஷாக் அப்சார்பர் எண்ணெய்க்கும் மிகப் பொருத்தம்; சாதாரண ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே உண்மையிலேயே இறுகுகிறது. செல்லுக்குப் பொருந்தவில்லை. உள்ளே எதுவும் கெட்டியாகவில்லை. −10-லும் உள்ளே இருக்கும் மின்பகுளி (எலக்ட்ரோலைட்) திரவம்தான், சற்றுக் குழகுழப்பாகியிருக்கும். இதே காரணத்தால் "உறைந்த" என்பதும் தள்ளுபடி. அத்துடன், தமிழ்நாட்டில் விறைப்பு என்ற சொல்லுக்குச் சுவரொட்டி வைத்தியர்கள் பழக்கிவிட்ட பொருள் வேறு. இதற்கு மேல் எழுதவில்லை.

ப. (கோயம்புத்தூர்), புதன்

குளிர்காய்ந்த வண்டி? :)

சு. (தஞ்சாவூர்), புதன்

ப., குளிர்காய்தல் தீயின் முன் அமர்ந்து சூடேற்றிக்கொள்வது. நேர்மாறு. விளையாட்டுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் வண்டியை முன்கூட்டியே சூடாக்குகிறார்களே, அதற்கு வேண்டுமானால் இது உதவும்.

த. (யாழ்ப்பாணம்), புதன்

உதவாது ஐயா. பெயர்ச்சொல்லாக்கினால் "குளிர்காய்ச்சல்" ஆகிவிடும். வண்டிக்கு மலேரியா. அதற்கு "முன்வெதுப்பு" இருக்கட்டும், வெதுப்பகத்தை (பேக்கரியை) நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

வ. (ஒஸ்லோ), புதன்

நான் வேர்ச்சொல் ஆள் அல்ல. ஓட்டுகிறவன் கண்ணில் எது பட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன், அதை வைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சூடு ஆறுமுன் சார்ஜரில் மாட்ட வேண்டும். காலைக்குத் தள்ளக் கூடாது. நேரம் குறிக்கும் வசதி இருந்தால், சார்ஜ் முடிவதும் புறப்படுவதும் ஒன்றாக வரும்படி வைப்பது நல்லது. சார்ஜ் ஆகும்போது வரும் கொஞ்சச் சூடும் வீணாகாது. அதே நேரம், நூறு சதவீதம் நிரம்பிய அடுக்கிலும் ரீஜென் இருக்காது என்பதைக் கையேடு சொல்கிறதா பாருங்கள். குளிரும் நிரம்பலும் சேர்ந்த காலையில் த்ராட்டிலை விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். ரீஜெனை நம்பியே வளைவுக்குள் போய்ப் பழகியவர்கள் இதில்தான் மாட்டுவது. தெருமுனை தாண்டுமுன் இரண்டு பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும்.

பாதி தூரத்தில் அடுக்கு சூடாகி ரீஜென் திரும்பும். அது இன்னொரு வில்லங்கம். அந்த இழுவை பின்சக்கரத்துக்கு மட்டுமே. பாலத்தின் மேலும் மர நிழலிலும் பனிக்கட்டிப் படலம் முதலில் பிடிக்கும். அங்கே த்ராட்டிலைச் சட்டென்று மூடினால் பின்பக்கம் விலகும். மழை முறைக்கு (ரெயின் மோட்) மாற்றி ரீஜெனையும் குறைத்து வைப்பது உத்தமம்.

காற்று அழுத்தம்: 20 டிகிரி அறையில் 36 பிஎஸ்ஐ அடித்தது, −5-ல் நான்கு குறைந்து நிற்கும். வெளியே குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும்.

ஓட்டுநர் உடம்பு: இதில் எஞ்சின் சூடு காலுக்கு வராது. கனடா காற்றுக்குளிர் வாய்பாட்டின்படி, −5 டிகிரியில் 80 கிலோமீட்டர் காற்று பட்டால் தோலுக்கு −17. சூட்டு ஜாக்கெட், கையுறை, கைப்பிடி மூன்றும் சேர்த்து 150 வாட் அளவு வரும். ஒரு மணி நேரத்துக்கு 0.15 கிலோவாட் மணி; அடுக்கில் நூற்றில் ஒரு பங்குதான். ரேஞ்ச் மிச்சம் பிடிக்கிறேன் என்று இதை அணைப்பது மடத்தனம். வேகத்தைப் பத்துக் குறைத்தால் அதைவிட மிஞ்சும், ஏனென்றால் −10-ல் காற்றின் அடர்த்தியே 25 டிகிரியில் இருப்பதைவிடப் பதின்மூன்று சதவீதம் அதிகம். ஆனால் 12 வோல்ட் இணைப்பின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும். 150 வாட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆம்பியர் ஓடும்.

சொல்லுக்கு வருகிறேன். வாய்வழக்கில் "குளிர் ஏறிப்போச்சு" என்கிறோம். விஷம் ஏறுவதுபோல, மெல்ல, உள்ளே வரை. ம. கேட்ட இரண்டும் இருக்கிறதே?

ம. (பெங்களூரு), புதன்

> குளிர் ஏறிப்போச்சு

"குளிர் ஏறினால் சார்ஜ் ஏறாது."

இதை அப்படியே சார்ஜர் மூடியில் ஒட்டலாம். என் ஓட்டு இதற்கு. "குளிரேறிய அடுக்கு", "குளிரேற்றம்".

சு. (தஞ்சாவூர்), வியாழன்

குளிரேற்றம் பிழை. ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. வண்டிக்கு யாரும் குளிரை ஏற்றவில்லை, தானே ஏறியது. குளிரேறல் என்க. பக்கத்திலேயே மின்னேற்றம் வேறு நிற்கிறது. ஒன்று நாம் செய்வது, மற்றது நடப்பது. இரண்டுக்கும் ஒரே ஈறு வைத்தால் ஓட்டுபவன் குழம்புவான்.

அடிப்படைத் தடையையும் பதிவு செய்கிறேன். வெப்பநிலை இறங்குகிறது, நீங்கள் ஏறல் என்கிறீர்கள். ஒரே பத்தியில் "−8 டிகிரிக்கு இறங்கிக் குளிரேறியது" என்று வருமே, காது கூசவில்லையா? கூர்வில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒடுக்கம் மட்டும்.

ப. (கோயம்புத்தூர்), வியாழன்

ஐயா, "இறங்கிக் குளிரேறியது" என் காதுக்கு நன்றாகவே இருக்கிறது. பாட்டி காய்ச்சலில் கிடந்தால் உடம்பு ஜில்லென்று இறங்கும், குளிர் ஏறும். யாரும் குழம்பியதில்லை.

க. (மதுரை), வியாழன்

நான்கு நாளாகப் படிக்கிறேன். பேட்டரி, சார்ஜர், டயர், பிரேக், த்ராட்டில் எல்லாம் அப்படியே இருக்க, இந்த ஒன்று மட்டும் ஏன் கற்பு காக்க வேண்டும்? கோல்ட் சோக் என்றே போட்டு, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

ந. (டொராண்டோ), வியாழன்

க., விளக்கம் கொடுக்கலாம். ஆனால் பதினோரு இடத்தில் ஏழு இடம் எச்சரிக்கைப் பெட்டிக்குள் வருகிறது. பெட்டி படிப்பவர் முதல் பக்கம் படித்திருக்க மாட்டார்.

த. சொன்ன விறைப்பை டயர் பத்திக்கு எடுத்துக்கொண்டேன்: "விறைத்த டயரில் பிடிப்பு குறையும்." மின்கலவடுக்கு உள்ளடக்கப் பட்டியலில் இருக்கிறது, பெட்டிகளில் பேட்டரிதான், த. மன்னிக்கவும். மற்ற இடங்களில் வினையாகவே எழுதிவிட்டேன்: "குளிர் ஏறிய வண்டி", "குளிர் ஏறியிருந்தால்". பிரித்தே எழுதியிருக்கிறேன், சேர்த்தால் வரி உடைகிற இடத்தில் அசிங்கமாக வெட்டுகிறது. பெயர்ச்சொல் தேவைப்பட்ட ஒரே இடம் தலைப்பு. அதையும் "இரவில் வெளியே நின்ற வண்டி" என்று மாற்றித் தப்பித்தேன்.

சு. (தஞ்சாவூர்), வியாழன் இரவு

வினையாக எழுதித் தப்பித்தது கெட்டிக்காரத்தனம். கலைச்சொல் ஆகவில்லை. இரண்டாம் பதிப்புக்குக் கூர்வை நினைவில் வையுங்கள். பின்னிணைப்பை யாராவது திறந்தீர்களா?

ந. (டொராண்டோ), வெள்ளி காலை

அனுப்பிவிட்டேன். பனிக்காகச் சாலையில் தூவும் உப்புத் தண்ணீரைக் கழுவுகிற அத்தியாயத்தில் வ. ஒருமுறை கண்ணோட்டினால் நல்லது: சார்ஜ் வாயைக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் அலசி, துடைத்து, உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

அப்புறம், அந்தப் பனிக்கட்டிப் படலம். மூலத்தில் "பிளாக் ஐஸ்". கரும்பனி என்றால் கறுப்பாகத் தேடுவார்கள். அது கண்ணுக்கே தெரியாது. அடுத்த வாரம் கேட்கிறேன்.

த. (யாழ்ப்பாணம்), வெள்ளி

கண்ணாடிப்பனி. அடுத்த வாரம் வரை ஏன்?

சு. (தஞ்சாவூர்), வெள்ளி

பனி என்பது முதலில் எது என்று முடிவு செய்யாமல் கண்ணாடிக்குப் போகாதீர்கள். முன்பனி, பின்பனி இரண்டிலும் இருப்பது கட்டியன்று...