கிளாபர் உப்பு பாட்டில்: முதல் வாரம் நன்றாகச் சூடு, இப்போது ஒன்பது மணிக்கே சில்லிட்டுவிடுகிறது

குஞ்சுக்கூண்டு:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இரவில் கரண்ட் போனால் குளிருக்குக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகின்றன. அதனால் பத்து கிலோ கிளாபர் உப்பு (தண்ணீரும் சேர்ந்து படிகமான சோடியம் சல்பேட்) வாங்கி, கறுப்பு பெயிண்ட் அடித்த எட்டு பாட்டில்களில் அடைத்தேன். பகலில் கண்ணாடி மூடிய பெட்டியில் வெயிலில் உருகும், சாயங்காலம் கூண்டுக்குள் வைத்தால் உறையும்போது அந்தச் சூட்டைத் திருப்பித் தரும். முதல் வாரம் விடியும்வரை வெதுவெதுப்பு இருந்தது. இருபது நாளில் எல்லாம் போய்விட்டது. ஒரு பாட்டிலில் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன்: அடியில் இரண்டு விரல் உயரம் வெள்ளையாக இறுகிக் கிடக்கிறது, மேலே தெளிந்த தண்ணீர். உப்பு கெட்டுவிட்டதா?

மலைக்காற்று:
கொஞ்சம் கல்லுப்பு சேர்த்துப் பாருங்கள் அண்ணா.

பழைய லேப்:
கல்லுப்பு வேண்டாம் தம்பி. உருகுநிலை 32 டிகிரியிலிருந்து 18 பக்கம் இறங்கிவிடும், குஞ்சுக்கு அது பயன்படாது.

உப்பு கெடவில்லை, பிரிந்துவிட்டது. இது 32.4 டிகிரியில் உருகும்போது முழுவதும் கரையாது. கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு, தண்ணீர் இழந்த தூளாக அடியில் தங்கும். ஆறும்போது அந்தத் தூளுக்குத் தண்ணீர் மறுபடி கிடைத்தால்தான் பழைய உப்பாகி, வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தரும். தண்ணீர் மேலே, தூள் கீழே என்று கிடந்தால் எப்படிச் சேரும்? 1948-இல் அமெரிக்காவின் டோவரில் விஞ்ஞானி மரியா டெல்கிஸ் இதே உப்பை டன் கணக்கில் வைத்து வீட்டைச் சூடாக்கினார். அங்கும் சில குளிர்காலங்களில் இதே கதைதான்.

இன்னும் சூடேற்றிக் கரைக்கப் பார்க்காதீர்கள். 32-க்கு மேலே போகப் போக இந்த உப்பு குறைவாகத்தான் கரையும். வெதுவெதுப்பாக இருக்கும்போது குலுக்கி, ஆறும்வரை புரட்டிக்கொண்டே இருங்கள். பாட்டிலைப் படுக்கவைத்தால் அடுக்கு மெல்லியதாகும். கிலோவுக்கு 30 கிராம் வெங்காரம் (போராக்ஸ்) போடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்தும் உறையாமல் தண்ணீராகவே நிற்கும். கெட்டியாக்க ஐஸ்கிரீமுக்குப் போடும் சி.எம்.சி. தூள் கொஞ்சம் சேர்க்கலாம். மூடி கசியக்கூடாது, குஞ்சு கொத்தினால் ஆபத்து.

குஞ்சுக்கூண்டு:
பத்து கிலோ போதுமா ஐயா?

பழைய லேப்:
கிலோவுக்குச் சுமார் 250 கிலோஜூல். பத்து கிலோ என்றால் 60 வாட் பல்ப் பதினொரு மணி நேரம் எரிந்த அளவு. ஆனால் உப்பே 32 டிகிரிதான், கூண்டு அதற்கும் கீழேதான் நிற்கும். முதல் வாரக் குஞ்சுக்கு இதை மட்டும் நம்பவேண்டாம். கரண்ட் இல்லாத நேரத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சுக்கூண்டு:
ஒரு பாட்டிலில் வெங்காரம் போட்டு, புரட்டிப் படுக்கவைத்தேன். இன்னொன்று பழையபடியே நின்றது. இரவு பதினொரு மணிக்குத் தெர்மாமீட்டரை ஒட்டவைத்துப் பார்த்தால் முதலாவது 30, இரண்டாவது 19. மீதி ஏழையும் நாளைக்குத் திறக்கிறேன். அடியில் இறுகியதைக் குத்திவிட சைக்கிள் கம்பிதான் தோதாக இருந்தது.