கழுத்து வலிக்குக் கைமுறைச் சிகிச்சை: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். 30 ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன் குனிந்தே உழைத்த என் அம்மாவுக்கு, கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கிடையே தேய்மானம் உள்ளது. ஊசியில் நூல் கோக்கத் தலையைத் தாழ்த்தினாலே வலி வலது தோள்பட்டை வரை இழுக்கிறது. பின்னாலிருந்து அழைத்தால் உடம்போடு திரும்பித்தான் பார்க்கிறார். கை மரத்துப்போவதோ பலம் குறைவதோ இல்லை.

கட்டைவிரலால் எலும்பு இணைப்புகளை மெல்ல அழுத்தி அசைக்கும் மெயிட்லேண்ட் முறை, அம்மா தாமே கழுத்தைத் திருப்பும்போது எலும்பை நகர்த்திக்கொடுக்கும் மல்லிகன் முறை ஆகிய இரண்டில் ஒன்றைத் தொடங்கலாம் என்கிறார் இயன்முறை மருத்துவர். உறவினர்களோ சுளுக்கெடுப்பவரிடம் போகச் சொல்கிறார்கள். கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடுக்கெடுத்தால், அரிதாகவேனும் மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும் என்பதால், அதற்கு நான் உறுதியாக மறுத்துவிட்டேன்.

இம்முறைகளில் சிகிச்சை பெற்றவர்களும் இயன்முறை மருத்துவர்களும், எத்தனை அமர்வுகளில் மாற்றம் தெரிந்தது, மறுநாள் வலி கூடியதா, உடன் எந்தப் பயிற்சிகளைச் செய்தீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். வரும் திங்கட்கிழமை முதல் அமர்வு.